எட்டு மணிக்கு முன்

லேடிஸ்மித்தில் பெட்டிகளைக் கட்டி முடிக்குமுன்பே
சமூசா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டது.
காது இரண்டும் முக்கோணம்,
மகள் வைத்த பெயர் அதனால்.
உரக்கக் கூப்பிட்டால்
பாதித் தெருவுக்குப் பசிக்கும்.

நாய்க்கு இடமில்லை என்று
ஸ்காட்பர்க் ஃபிளாட்டின் சொந்தக்காரி
மூன்று முறை எழுதியிருந்தாள்.
மூன்றுக்கும் சரி என்று பதில் போட்டிருந்தேன்.
பக்கத்து வீட்டு மிஸஸ் ம்கீசே
பத்து நாள் பார்த்துக்கொள்வதாகத்தான் ஏற்பாடு.
கிளம்புகிற காலையில் கேட்டருகே நின்று
இடுப்பில் கைவைத்துச் சொன்னாள்:
"அதன் முகத்தைப் பாருங்கள்.
இந்தப் பாவத்தை நான் சுமக்க மாட்டேன்."

மூயி ரிவர் சுங்கச்சாவடியில் ஒரு வாந்தி.
ஹில்டன் மூடுபனியில் இன்னொன்று.
டர்பனைத் தாண்டிக் கரும்பு தொடங்கியதும்
ஜன்னலுக்கு வெளியே மூக்கு.
எங்களுக்குக் கடல் தெரிய அரை மணி இருக்கையில்
அதற்குத் தெரிந்துவிட்டது
மிகப் பெரியது ஏதோ ஒன்று
மூடி போடாமல்
திறந்து கிடக்கிறது என்று.

மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
போர்வையில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு
தனசேகரன் ஏறினார்.
படியில் எதிர்ப்பட்ட காவல்காரர் டூமிசானி
போர்வைக்கு வெளியே தொங்கிய வாலைப் பார்த்தார்.
"பிள்ளை தூங்குதா?"
"ஆமாம். பயணக் களைப்பு."
வால் ஆடியது.
டூமிசானி சுவரோடு ஒட்டி வழி விட்டார்.

மறுநாள் பத்து மணி.
குடை, பாய், பிரியாணி டப்பா, கூல்பாக்ஸ், நாய்.
மணல் தொடங்குகிற இடத்தில் ஒரு பலகை,
நாய்ப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு,
காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை.

எனக்கு அது பலகை.
அவர் அதை நெடுநேரம் படித்தார்.
பின்பக்கமும் போய்ப் பார்த்தார்.
பின்பக்கம் துரு மட்டும்.

அவருக்கு ஒன்பது வயதில்
இங்கே நின்ற பலகைக்குப் படமும் கிடையாது
நேரமும் கிடையாது.
வீட்டார் ஏழு பேரும் காருக்குள்ளேயே
ரொட்டியும் கறியும் தின்றுவிட்டு
கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துத்
திரும்பிப் போனார்களாம்.
அவர் சொன்னதில்லை.
அவருடைய அக்கா கனகவள்ளி
ஒரு கல்யாணப் பந்தியில்
அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னது.

"எட்டு மணிக்கு முன்னால் வரலாமே,"
என்றார் நாயிடம்.

நாலரைக்குப் படுக்கையில் அவர் இல்லை.
பால்கனிக்குப் போனேன்.
வானம் கழுவாத கண்ணாடித் தம்ளர் மாதிரி.
தூண்டில்காரர்கள் நாலு பேர்.
தண்ணீரோரத்தில்
நீச்சல் தெரியாத இருவர்.

அலை வந்தது.
சமூசா குரைத்தது.
அலை போனது.
தன் குரலுக்குப் பயந்துதான் போனது என்று
வாலை உயர்த்திக்கொண்டது.
அடுத்தது வந்தது.
இப்படி ஒரு நாற்பது வெற்றி.

அவர் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டினார்,
சுருட்டியதை மறந்து
இடுப்பளவு தண்ணீருக்குப் போனார்.
காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது
இரண்டு குரல் கேட்டது.
இரண்டும் குரைப்பு.

அதைக் கேட்டேன் என்று
இன்றுவரை சொல்லவில்லை.

ஏழு ஐம்பதுக்குக் கதவைத் தட்டினார்கள்,
உப்பும் மணலுமாய்,
இன்னும் பத்து நிமிடம் கையிலிருக்க.

இப்போது மார்ச்.
லேடிஸ்மித்தில் கடல் கிடையாது,
குழாயில் தண்ணீர் வந்தாலே பெரிய விஷயம்.
வருகிற நாளில்
குளியலறை வாசலில் நின்று
சமூசா வாளியைப் பார்த்துக் குரைக்கிறது.
உள்ளே தலை முழுக்கச் சோப்போடு
அவர் எட்டிக் குழாயை மூடுகிறார்.

"நாற்பத்தொன்று," என்கிறார்.